மண்ணில் இடும் பணம்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

மண்ணில் போட்ட பணம் மறைந்து போகாது என்பது நம் மக்களின் நெடுநாளைய நம்பிக்கை. பொன் திருடு போகலாம்; பணம் கரைந்து போகலாம்; மண் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும் என்று எண்ணித்தான், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தை ஒரு துண்டு மனையில் போடுகிறார்கள். மண் இருந்த இடத்திலேயே இருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது நம்முடையதாக இருக்குமா என்பதே கேள்வி!

வகுப்பறையில் முதலீடு, இலாபம், இடர் என்று பாடம் படிக்கும் நாம், நம் பெற்றோர் செய்கின்ற மிகப் பெரிய முதலீடு எது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. நடுத்தரக் குடும்பம் ஒன்று தன் வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோதான் நிலம் வாங்குகிறது. சேலை எடுக்கப் போனால் பத்துக் கடை ஏறி இறங்கும் நாம், சில இலட்ச ரூபாய்க்கு மனை வாங்கும்போது தரகர் சொல்லையும் வண்ணத்தாள் விளம்பரத்தையும் நம்பி அச்சாரம் கொடுத்துவிடுகிறோம். என்னே விந்தை!

என் சிற்றப்பா ஆவண எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்திற்கு எதிரே அவருடைய கூடம். கடந்த இரண்டு ஆண்டுகளாக விடுமுறை நாட்களில் அங்கே அமர்ந்து கணிப்பொறியில் பத்திரங்களைப் படி எடுக்கும் பணி எனக்கு. அங்கே கண்டவற்றையும் கேட்டவற்றையும், எங்கள் வீட்டிலேயே நடந்த ஒன்றையும் மாணவ நண்பர்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பத்திரமும் பட்டாவும்

"பட்டா என் பெயரில் இருக்கிறது, பிறகென்ன?" என்பார் ஒருவர். "பத்திரம் பதிவாகிவிட்டது, இனி யார் கேட்பது?" என்பார் இன்னொருவர். இருவர் கூற்றும் பாதி உண்மையே.

பத்திரம் என்பது ஒருவர் மற்றொருவருக்குத் தம் உரிமையை மாற்றிக் கொடுத்ததற்கான சான்று. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தின் விற்பனை பதிவு செய்யப்பட வேண்டும். ஆயினும் விற்பவருக்கே இல்லாத உரிமை, பதிவு செய்ததனால் வாங்குபவருக்கு வந்துவிடாது. இல்லாத ஊருக்கு எழுதிய பத்திரத்திற்கு முத்திரை இருந்தென்ன, கையொப்பம் இருந்தென்ன?

பட்டா என்பது வருவாய்த்துறையின் பதிவு. நிலவரி யார் பெயரில், எந்தப் புல எண்ணில், எவ்வளவு பரப்பு, நஞ்சையா புன்செய்யா என்று அது சொல்லும். பட்டா மட்டுமே உரிமைக்கு முழுச் சான்றாகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை தெளிவுபடுத்தியுள்ளன. எனவே பத்திரம், பட்டா இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். பத்திரத்தில் ஒரு புல எண்ணும் பட்டாவில் வேறோர் உட்பிரிவும் இருந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

1980இல் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டுப் பின்னர் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். அதே காலத்தில், 1979இல் தொடங்கி 1980களில் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடைபெற்றது. பழைய புல எண்களும் பெயர்களும் அப்போது மாறின. ஆதலால் அதற்கு முந்தைய பத்திரத்தைப் பார்க்கும்போது பழைய எண்ணுக்கு இணையான புதிய எண் எது என்று கேட்டறிவது கட்டாயம்.

வில்லங்கச் சான்று சொல்வதும் சொல்லாததும்

வில்லங்கச் சான்று என்ற பெயரைக் கேட்டதும், அதில் 'வில்லங்கம் இல்லை' என்று இருந்தால் எல்லாம் சரி என்று நம்புவோர் பலர். பதிவு அலுவலகத்தில் பதிவானவற்றை மட்டுமே அச்சான்று காட்டும். விற்பனை, அடமானம், பாகப்பிரிவினை, செட்டில்மெண்டு ஆகியவை அதில் வரும். பதிவு செய்யாத உயிலை அது அறியாது. நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கைப் பெரும்பாலும் அது அறியாது. கையெழுத்திடாத வாரிசுகளை அது அறியவே அறியாது. குறைந்தது முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கம் பார்க்க வேண்டும் என்பது சிற்றப்பா கூடத்தில் எழுதப்படாத விதி. அதையும் மூலப்பத்திரத்தோடு வைத்து, யார் யாருக்கு எப்போது விற்றார் என்று சங்கிலி போலக் கோத்துப் பார்க்க வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் அங்கேதான் வழக்கு பிறக்கும்.

சென்ற ஆண்டு ஒரு லாரி ஓட்டுநர் எங்கள் கூடத்திற்கு வந்தார். பொது அதிகாரப் பத்திரம் பெற்ற ஒருவரிடமிருந்து மனை வாங்கியிருந்தார். பத்திரம் பதிவாகிவிட்டது, வேலியும் போட்டாயிற்று. பிறகுதான் தெரிந்தது, அதிகாரம் எழுதிக் கொடுத்த முதியவர் விற்பனைக்கு முன்பே காலமாகிவிட்டார் என்பது. எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால், தனியான சில வகைகள் நீங்கலாக, அந்த அதிகாரமும் முடிந்துவிடும். முதியவரின் மக்கள் வந்து நிலத்தைக் கேட்டார்கள். அந்த ஓட்டுநர் எதுவும் பேசவில்லை. பத்திரத்தைப் பிரிப்பதும் மடிப்பதுமாக நெடுநேரம் அமர்ந்திருந்தார். அவர் முகம் இன்றும் என் கண்முன் நிற்கிறது.

அதிகாரப் பத்திரத்தின் வழியே வாங்குவதாயின், எழுதிக் கொடுத்தவர் உயிரோடிருக்கிறார் என்பதற்கான சான்றைக் கேளுங்கள். கூடுமானால் அவரையே நேரில் காணுங்கள். அதிகாரப் பத்திரத்தையும் ஒப்பந்தத்தையும் மட்டும் கையில் வாங்கிக்கொண்டு நிலம் நமதாயிற்று என்று எண்ணுவதும் தவறு. அத்தகைய ஏற்பாடு விற்பனை ஆகாது என்று 2011ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்துள்ளது.

விற்கக்கூடாத மண்

எல்லா மண்ணும் விற்பனைக்கு உரியதன்று. வாய்க்கால், குளம், மேய்ச்சல் நிலம் முதலிய புறம்போக்குகள் ஊர்ப் பொதுச் சொத்து. கோயில் நிலத்தை அறநிலையத்துறையின் முறையான ஒப்புதலின்றி விற்றால் அவ்விற்பனை 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி செல்லாது. பூமிதான இயக்கத்தில் வழங்கப்பட்ட நிலங்களுக்கும் தனிச் சட்டமும் கட்டுப்பாடும் உண்டு.

இவற்றினும் நாம் மறக்கக்கூடாத ஒன்று பஞ்சமி நிலம். செங்கற்பட்டு மாவட்டத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் பட்ட துயரத்தை ஆட்சியராக இருந்த திரமென்கீர் எழுதிய அறிக்கையின் பயனாக, 1892இல் அரசு ஆணை பிறந்தது. அம்மக்களுக்கு ஒதுக்கப்பட்ட அந்நிலங்களைப் பிறருக்கு விற்க இயலாது. 'மலிவாகக் கிடைக்கிறது' என்று அதை வாங்குபவர் தம் பணத்தை இழப்பார் என்பது ஒருபுறமிருக்க, ஏழை ஒருவரின் காலடி மண்ணைப் பறித்தவராகவும் ஆவார் அல்லவா? வட்டாட்சியர் அலுவலகத்தில் 'அ' பதிவேட்டைப் பார்த்தால் நிலத்தின் வகை தெரிந்துவிடும்.

புலப்படத்தைப் பார்ப்பதும் அதுபோலவே இன்றியமையாதது. மனை நல்ல பட்டா நிலமாக இருக்கும்; அதற்குப் போகும் வழி வாய்க்கால் கரையாக இருக்கும். இன்று வண்டி போகும். நாளை வாய்க்கால் தூர்வாரப்படும்போது வழி அடைபடும். 2015 டிசம்பரில் சென்னையில் முடிச்சூரும் வேளச்சேரியும் வெள்ளத்தில் மிதந்ததை நாடே கண்டது. நீர் தன் பழைய பாதையை மறப்பதில்லை. எனவே மனையைச் சித்திரையில் மட்டும் பார்க்காமல் ஐப்பசியிலும் பாருங்கள். பக்கத்து வயல்காரரிடம் "மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே நிற்கும்?" என்று கேட்டால், எந்த விளம்பரத்திலும் அச்சாகாத உண்மையை அவர் சொல்வார்.

கொடி கட்டிய மனைகள்

சாலையோரங்களில் வண்ணக்கொடிகள் படபடக்க, வேனில் அழைத்துச் சென்று விருந்தும் வைத்து மனை விற்பார்கள். விருந்தை உண்ணலாம், கையெழுத்தை மட்டும் அன்றே போட வேண்டாம்!

நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவா என்று பார்க்க வேண்டும். 2016 செப்டம்பரில் ஒப்புதலற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. அன்று எத்தனை குடும்பங்கள் கலங்கின! மகள் திருமணத்திற்கு விற்றுக்கொள்ளலாம் என்று மனை வாங்கி வைத்திருந்தோர் விற்க வழியின்றித் தவித்தனர். 2017இல் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்த பிறகே பலருக்கு வழி பிறந்தது.

'ரெரா' என்று வழங்கும் 2016ஆம் ஆண்டு மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைத் திட்டங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் பத்து விழுக்காட்டிற்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. பதிவு எண்ணைக் கேளுங்கள். ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடம் எது, பாதையின் அகலம் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். பூங்கா இடத்தையே மனையாக்கி விற்பவரும் உலகில் உண்டு.

தவணைமுறையில் பணம் கட்டினால் எங்கோ ஒரு மாநிலத்தில் நிலம் தருவோம் என்பாரிடம் இன்னும் விழிப்பு வேண்டும். பி.ஏ.சி.எல். என்ற நிறுவனம் அவ்வாறு ஏறத்தாழ 49,000 கோடி ரூபாயை நாடெங்கும் திரட்டியது. அதைத் திருப்பித் தருமாறு 2014இல் செபி ஆணையிட்டது. நிலங்களை விற்று மக்களுக்குப் பணம் தர, 2016இல் உச்சநீதிமன்றம் நீதியரசர் லோதா தலைமையில் குழு அமைக்கச் செய்தது. கண்ணால் காணாத நிலம் கனவில் கண்ட பணம்!

அளவும் கணக்கும்

நம் தஞ்சைப் பகுதியில் 144 சதுர அடி ஒரு குழி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட். சென்னைப் பக்கம் 2,400 சதுர அடி ஒரு கிரவுண்டு. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. பட்டாவிலோ ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். ஒரு ஏர் 2.47 சென்ட். விற்பவர் ஓர் அளவில் பேசுவார், பத்திரம் வேறோர் அளவில் இருக்கும். எல்லாவற்றையும் சதுர அடியாக மாற்றிப் பார்த்தால் குழப்பம் தீரும். அதன்பின் நில அளவரைக் கொண்டு அளந்து, நான்கெல்லைக்கும் கல் நட வேண்டும்.

இனி இலாபக் கணக்கு. 'பத்தாண்டில் இரட்டிப்பாகும்' என்பது தரகர்களின் தாரக மந்திரம். 1,200 சதுர அடி மனை, அடி 600 ரூபாய் வீதம் 7,20,000 ரூபாய் என்று கொள்வோம். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடுமாக 64,800 ரூபாய். ஆக அடக்கம் 7,84,800. பத்தாண்டு கழித்து இருமடங்காக 14,40,000 ரூபாய்க்கு விற்றுத் தரகாக 2 விழுக்காடு கொடுத்தால் கையில் நிற்பது 14,11,200. கூட்டுவட்டி முறையில் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஆறு விழுக்காட்டை ஒட்டி வருகிறது, அவ்வளவே! இலாபத்தில் பன்னிரண்டரை விழுக்காடு மூலதன ஆதாய வரியும் செலுத்த நேர்ந்தால் ஐந்தரைக்கும் சற்றுக் கீழே இறங்கிவிடும். வேலி, வரி, அலைச்சல் ஆகியவற்றை இதில் நான் சேர்க்கவில்லை.

ஆகவே மனையே வேண்டாம் என்பது என் வாதமன்று. வீடு கட்டிக் குடியிருக்க வாங்கும் மனைக்கு வட்டிக் கணக்கு பொருந்தாது. ஆனால் வெறும் இலாபத்திற்காக வாங்குவோர் இரண்டை நினைவில் கொள்ள வேண்டும். மருத்துவமனைக்கு இன்று மாலை பணம் வேண்டுமென்றால் மனையை இன்று மாலை விற்க முடியாது. அரை மனையைப் பிய்த்து விற்கவும் முடியாது. கையிருப்பு முழுவதையும் மண்ணில் புதைத்துவிட்டு அவசரத்திற்குக் கந்துவட்டிக்குப் போனவர்களை நான் கண்டிருக்கிறேன்.

அம்மா கேட்ட கையெழுத்து

என் தந்தையார் அரசுப் பேருந்தில் நடத்துநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவருடைய பணிக்கொடையில் ஒரு பகுதியைக் கொண்டு மனை வாங்குவது என்று வீட்டில் முடிவாயிற்று. மேலே சொன்ன கணக்கு எங்கள் மனையின் கணக்கேதான். ஊருக்குள் பழைய வீட்டுமனை. 1974இல் வீட்டுமனையாகவே பதிவானது. பட்டா சரி, வில்லங்கம் சரி, அளவும் சரி. அம்மாவின் பெயரில் வாங்குவதென்பதும் முடிவு. பத்து இலட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைகிறது. எங்களுக்கு அது 7,200 ரூபாய் மிச்சம்.

வாரிசுச் சான்றிதழைப் பார்த்தபோதுதான் சிற்றப்பா நிமிர்ந்தார். விற்பவரின் தந்தை உயில் எழுதாமல் இறந்தவர். வாரிசுகளாக ஒரு மகனும் ஒரு மகளும் இருந்தனர். கையெழுத்திட முன்வந்தவரோ மகன் மட்டும். "தங்கைக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்றே! அவள் கேட்க மாட்டாள்" என்றார் அவர். தரகரும், "வேறொருவர் முன்பணத்தோடு காத்திருக்கிறார்" என்று அவசரப்படுத்தினார்.

தந்தை தாமே சம்பாதித்து வாங்கிய சொத்தில், அவர் உயிலின்றி இறந்தால், மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்று 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்கிறது. பூர்விகச் சொத்திலும் மகளுக்குச் சமவுரிமை என்பதைத் தமிழ்நாடு 1989இல் சட்டமாக்கியது. 2005இல் நாடு முழுமைக்கும் அது விரிந்தது. சட்டம் வந்து இத்தனை ஆண்டுகளாகியும் "அவள் கேட்க மாட்டாள்" என்ற சொல் மட்டும் மாறவில்லை.

அப்போது அம்மா பேசினார். தம் தந்தையின் நிலத்திற்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கத் தம்மை அழைத்துப் போனதையும், கையெழுத்துப் போட்டபின் ஒரு பட்டுப்புடவை கொடுத்து அனுப்பியதையும் சொன்னார். "எதில் கையெழுத்துப் போட்டேன் என்று அன்றைக்கு எனக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. அந்தப் பெண்ணும் அப்படிப் போடக்கூடாது. அவள் பங்கு அவள் கைக்குப் போகாவிட்டால் எனக்கு இந்த மண் வேண்டாம்" என்றார். இருபது ஆண்டுகளாக உடன் வாழ்ந்தும் நான் அதுவரை அறியாத செய்தி அது. அந்தப் பட்டுப்புடவையை அம்மா ஒருநாளும் உடுத்திப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அந்தத் தங்கைக்குச் சிற்றப்பா செய்தி அனுப்பினார். நான்கு மாதம் இழுத்தது. அண்ணன் கோபப்பட்டார். தரகர் எங்கள் வீட்டுப் பக்கமே வருவதை நிறுத்தினார். "நல்ல மனை கைநழுவிப் போகிறதே" என்று அப்பா கவலைப்பட்டார். அம்மா அசையவில்லை. முடிவில் அண்ணன் இறங்கி வந்தார். இருவருக்கும் சரிபாதியாக, ஆளுக்கு 3,60,000 ரூபாய்க்குத் தனித்தனி வங்கி வரைவோலை எடுத்தோம். பதிவு நாளன்று அண்ணனும் தங்கையும் அலுவலகத் தாழ்வாரத்தின் இரு கோடிகளில் அமர்ந்திருந்தனர். ஒரு சொல் பேசிக்கொள்ளவில்லை. கையெழுத்துப் போடுமுன் பத்திரம் முழுவதையும் அந்த அம்மையாருக்கு நான் உரக்கப் படித்துக் காட்டினேன். அம்மாவின் கட்டளை அது.

அண்ணன் தங்கை உறவு மீண்டும் ஒட்டியதா என்பதை நான் அறியேன். ஆனால் ஒன்று உறுதி. அன்று அக்கையெழுத்தின்றி வாங்கியிருந்தால், என்றேனும் ஒருநாள் அவரோ அவர் பிள்ளைகளோ நீதிமன்றப் படியேறியிருக்கலாம். அப்படி ஏறினால் நியாயம் அவர்கள் பக்கமே இருந்திருக்கும். அறவழியும் பாதுகாப்பான வழியும் அன்று ஒன்றாகவே இருந்தன.

சுருக்கமாகச் சில சொற்கள்

மனை வாங்கப் போகும் வீட்டில் படித்த பிள்ளை நீங்கள் என்றால், பெரியவர்களோடு நீங்களும் செல்லுங்கள். மூலப்பத்திரத்தை நகலில் மட்டுமின்றி அசலிலும் பாருங்கள்; அசல் இல்லையென்றால் அது எந்த வங்கியில் அடமானமாக இருக்கிறது என்று கேளுங்கள். வாரிசுகளைப் பெயர் பெயராக எண்ணுங்கள். வாரிசுகளுள் பதினெட்டு வயது நிரம்பாதவர் இருந்தால், நீதிமன்ற அனுமதி உண்டா என்று வினவுங்கள். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவே கொடுங்கள். உண்மை விலையையே பத்திரத்தில் எழுதுங்கள். வழக்கறிஞர் ஒருவரின் கருத்துரைக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாயைச் செலவாகக் கருத வேண்டாம். பதிவு முடிந்ததும் பட்டா மாறுதலைக் கையோடு முடியுங்கள். வேறு ஊரில் மனை இருந்தால் ஆண்டுக்கொரு முறையேனும் போய்ப் பார்த்து வாருங்கள்; பன்னிரண்டு ஆண்டுகள் பிறர் தமக்கே உரியதெனக் கொண்டாடி ஆண்டால், அனுபவ உரிமை பேச இடம் உண்டாகும்.

யாரேனும் "இன்றே முடித்தால்தான் உண்டு" என்று அவசரப்படுத்தினால், அன்று கட்டாயம் முடிக்காதீர்கள். நான்கு மாதம் பொறுத்ததால் எங்களுக்கு மனை போய்விடவில்லை.

பட்டம் பெற்று வெளியேறும் நாம் நாளை வருவாய்த்துறையிலும் பதிவுத்துறையிலும் வங்கியிலும் நீதிமன்றத்திலும் அமரப் போகிறவர்கள். அன்று நம் மேசைக்கு முன்னே, எதில் கையெழுத்திடுகிறோம் என்று அறியாத ஒருவர் நின்றால், அவருக்கு ஒருமுறை படித்துக் காட்டுவோம். நாம் கற்ற கல்வி அதற்கேனும் பயன்படட்டும்.